நுழைவுத் தேர்வும் நாமும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

எங்கள் ஊர் சேத்தியாத்தோப்பு. வெள்ளாற்று அணைக்கட்டையும் கூட்டுறவு சர்க்கரை ஆலையையும் சொன்னால், வெளியூர்க்காரர்கள் கூடத் தலையசைத்துவிடுவார்கள். கரும்பு விளையும் ஊரில் பிறந்த பிள்ளைக்கு, அரிச்சுவடிக்கு முன்பே இரண்டு சொற்கள் பழக்கமாகிவிடும். ஒன்று ‘பதிவு’, மற்றொன்று ‘வெட்டு உத்தரவு’. எந்த நிலத்தில், எத்தனை ஏக்கரில், எந்தத் தேதியில் கரும்பு நட்டோம் என்பதை ஆலையில் பதிந்துகொள்ள வேண்டும். அந்த வரிசைப்படிதான் வெட்டு உத்தரவு வரும். கரும்பு எவ்வளவு செழித்து நின்றாலும், பதிவில் பெயர் இல்லாதவனுக்கு உத்தரவு இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பக்கத்து நிலத்துக்காரர் மகள் கல்யாணத்தில் மூழ்கிப் பதிவை இன்று நாளை என்று தள்ளிப்போட்டுவிட்டார். எங்கள் கரும்பும் அவர் கரும்பும் ஒரே வாய்க்கால் தண்ணீரைக் குடித்தவைதாம். எங்களுடையது வண்டி ஏறிப் போயிற்று. அவருடையது வெயிலில் நின்று எடை குறைந்தது. கடைசியில் வெல்லம் காய்ச்சும் கொட்டகைக்குக் கிடைத்த விலைக்குத் தள்ளினார். அன்று மாலை வரப்பில் நின்றபடி என் தந்தையார் சொன்ன சொல் இன்னும் என் காதில் இருக்கிறது.

“கரும்புல ஒரு கொறையும் இல்ல தம்பி. பேரு ஏறல. அவ்வளவுதான்.”

நண்பர்களே! நுழைவுத் தேர்வைப் பற்றி எழுத உட்கார்ந்தவன் கரும்பைப் பற்றி ஏன் பேசுகிறான் என்று நீங்கள் எண்ணக்கூடும். நம்மைப் போன்ற அரசு கலைக் கல்லூரி மாணவர்கள் நுழைவுத் தேர்வுகளில் தோற்கிறார்கள் என்று பலரும் சொல்கிறார்கள். நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். தோற்பதற்குத் தேர்வு எழுதியிருக்க வேண்டுமல்லவா? நம்மில் பெரும்பாலோர் தேர்வுக் கூடத்தின் வாசலைக்கூட மிதிப்பதில்லை. அப்படி ஒரு தேர்வு இருப்பதே, அதன் கடைசித் தேதி கழிந்த பிறகுதான் நமக்குத் தெரிய வருகிறது. சரக்கில் குறையில்லை, பெயர் ஏறவில்லை.

எங்கள் தெருவில் ஓர் அண்ணன் இருக்கிறார். பி.எஸ்ஸி. வேதியியலில் வகுப்பிலேயே முதல் மாணவர். மூன்றாம் ஆண்டு படிக்கும்போது ஒரு தை மாதத்தில், பொங்கலுக்கு ஊருக்கு வந்த உறவினர் ஒருவர், “ஜாம் எழுதுகிறாயா?” என்று கேட்டாராம். ரொட்டியில் தடவுகிற ஜாமைத் தவிர வேறு ஜாம் அண்ணனுக்குத் தெரியாது. ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்ஸி. சேர்வதற்கான நுழைவுத் தேர்வின் பெயர் அது என்று விளங்கியபோது, விண்ணப்பம் முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அடுத்த ஆண்டு எழுதலாம் என்றால், வீட்டில் அடுத்த ஆண்டுவரை பொறுக்கும் நிலை இல்லை. இன்று அவர் ஒரு தனியார் கடன் நிறுவனத்தில் தவணை வசூலிக்கும் வேலையில் இருக்கிறார். உழைத்துப் பிழைப்பதில் இழிவு ஒன்றுமில்லை. ஆனால், தம் கரிம வேதியியல் குறிப்பேடுகளை என் கையில் கொடுத்தபோது அவர் முகத்தை நான் பார்த்தேன். “செப்டம்பர மறந்துடாதடா” என்று மட்டும் சொன்னார். நான் இயற்பியல் மாணவன். அந்தக் குறிப்பேடுகள் எனக்குப் பயன்படா என்பது அவருக்கும் தெரியும்.

என் கதையும் பெரிதாக வேறில்லை. திருவாரூரில் ஒரு மத்தியப் பல்கலைக்கழகம் 2009 முதல் இயங்கி வருகிறது. பிளஸ் டூ முடித்தவர்களையும் அங்கே சேர்க்கிறார்கள். அதற்கான பொது நுழைவுத் தேர்வு 2022 முதல் நாடு முழுவதும் நடக்கிறது, தமிழிலும் எழுதலாம். இவ்வளவும் எனக்குத் தெரிந்தது, நம் கல்லூரியில் சேர்ந்து மூன்று மாதம் கழித்து. திருவாரூர் எங்கள் ஊரிலிருந்து சில மணி நேரப் பேருந்துப் பயணம். செய்திக்கு மட்டும் அந்தத் தொலைவைக் கடக்க முடியவில்லை.

“நுழைவுத் தேர்வே அநியாயம். அதற்கு ஆயத்தம் செய்யச் சொல்கிறாயே?” என்று சில நண்பர்கள் என்னைக் கடிந்துகொண்டார்கள். அவர்கள் கேள்வி நியாயமானது. தமிழ்நாட்டுக்கு இதில் நீண்ட அனுபவம் உண்டு. தொழிற்கல்விப் படிப்புகளுக்கு 1984-இல் இங்கே நுழைவுத் தேர்வு வந்தது. கிராமத்து மாணவர்க்கும் முதல் தலைமுறையினருக்கும் அது தடையாக நிற்கிறது என்று கண்டு, 2006-இல் சட்டம் இயற்றி அதை நீக்கினார்கள். பிறகு மருத்துவப் படிப்புக்கு ‘நீட்’ வந்தது. 2017-இல் அது நம் மாநிலத்திலும் நடைமுறையானபோது, பிளஸ் டூவில் 1200-க்கு 1176 மதிப்பெண் பெற்ற அரியலூர் மாவட்டத்து அனிதாவை இழந்தோம். நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021-இல் அறிக்கை தந்தது. சட்டமன்றம் விலக்கு மசோதாவை இரண்டு முறை நிறைவேற்றியது. 2025 ஏப்ரலில் அதற்கு ஒப்புதல் மறுக்கப்பட்ட செய்தி வந்தது. பன்னிரண்டு ஆண்டுப் படிப்பை ஒரு நாள் பிற்பகலில் எடை போடுவது சரியா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. அதைக் கேட்பவர்களோடு நானும் நிற்கிறேன்.

ஆயினும் ஒன்றை நினைத்துப் பாருங்கள். அந்தப் போராட்டத்தின் நடுவில்தான் 2020-இல் அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு கிடைத்தது. கூலித் தொழிலாளியின் பிள்ளைகள் வெள்ளை அங்கி அணிந்தார்கள். அந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்கள் யார்? தேர்வை எதிர்த்த அதே ஊர்களில் இருந்துகொண்டு, அதே தேர்வை எழுதித் தகுதி பெற்றவர்கள். எழுதாதவனுக்கு ஒதுக்கீடும் உதவவில்லை. எதிர்ப்பதும் எழுதுவதும் ஒன்றையொன்று அழிப்பவை அல்ல. அறியாமல் இருந்துவிட்டு, அதை எதிர்ப்பு என்று சொல்லிக்கொள்வதுதான் நமக்கு நாமே செய்யும் ஏமாற்று.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மதிப்பெண் அடிப்படையில் எம்.எஸ்ஸி. சேர்க்கும் கல்லூரிகள் நம் மாநிலத்தில் பல உள்ளன. அவை நம் பெற்றோர் தலைமுறை போராடிப் பெற்ற செல்வம். அங்கே சேர்வது தாழ்வு என்று நான் சொல்லவில்லை. ஒரு கதவு திறந்திருக்கிறது என்பதற்காக, மற்ற கதவுகள் எங்கே இருக்கின்றன என்றே தெரியாமல் இருக்க வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

அந்தக் கதவுகளில் இரண்டை மட்டும் இங்கே காட்டுகிறேன். முதலாவது, அண்ணன் தவறவிட்ட ‘ஜாம்’. 2004 முதல் ஐ.ஐ.டி.கள் சேர்ந்து நடத்தி வருகின்றன. இயற்பியல், வேதியியல், கணிதம், கணிதப் புள்ளியியல், உயிரித் தொழில்நுட்பம், நிலவியல், பொருளியல் என ஏழு தாள்கள். ஐ.ஐ.டி.களில் சுமார் 3000 இடங்கள். திருச்சியில் உள்ளது போன்ற என்.ஐ.டி.களும் இதே மதிப்பெண்ணைக் கொண்டு எம்.எஸ்ஸி. சேர்க்கின்றன. இரண்டாவது, பட்ட மேற்படிப்புக்கான மத்தியப் பல்கலைக்கழகப் பொது நுழைவுத் தேர்வு. புதுச்சேரிப் பல்கலைக்கழகமும் திருவாரூர்ப் பல்கலைக்கழகமும் இதன் வழியாகச் சேர்க்கின்றன. இரண்டுமே கணிப்பொறி முன் அமர்ந்து எழுதும் தேர்வுகள்.

இவற்றை எதிர்கொள்வது எப்படி? வள்ளுவர் பொருட்பாலில் மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார்: வலியறிதல், காலமறிதல், இடனறிதல். அரசர்க்குச் சொன்னவை என்பார்கள். ஆனால், விண்ணப்பம் போடும் மாணவனுக்கும் இவற்றைவிட நல்ல திட்டம் எனக்குத் தெரியவில்லை.

வலியறிதல்

தேர்வின் வலியும் நம் வலியும் தெரிய வேண்டும். ‘ஜாம்’ இயற்பியல் தாளின் பாடத்திட்டத்தை எடுத்துப் பார்த்தேன். இயந்திரவியல், அலைகள், ஒளியியல், மின்காந்தவியல், வெப்ப இயக்கவியல், நவீன இயற்பியல், மின்னணுவியல். எல்லாம் நாம் படிக்கும் பாடங்களே. வானத்திலிருந்து எதுவும் குதிக்கவில்லை. கேட்கும் விதம்தான் வேறு.

நம் பருவத் தேர்வில், “சுருள்வில்லின் அலைவு நேரத்திற்கான சமன்பாட்டை வருவி” என்று கேட்பார்கள். பத்து மதிப்பெண்ணுக்கு இரண்டு பக்கம் எழுதிவிடுவோம். நுழைவுத் தேர்வின் போக்கில் அதையே இப்படிக் கேட்கலாம்: “ஒரு சுருள்வில்லைச் சரிபாதியாக வெட்டி, ஒரு பாதியில் அதே நிறையைத் தொங்கவிட்டால் அலைவு நேரம் முன்பிருந்ததைப் போல் எத்தனை மடங்கு?” பாதியாக்கினால் வில்லின் மாறிலி இரு மடங்காகும், எனவே அலைவு நேரம் 0.71 மடங்கு. வருவித்தல் தெரிந்த எனக்கு, முதல் முறை இந்த விடை வரவில்லை. சமன்பாட்டை மனப்பாடம் செய்திருந்தேன். சுருள்வில்லை மனத்தில் கண்டதில்லை. இந்த ஒரு குறையைத் திருத்திக்கொண்டால் நுழைவுத் தேர்வுக்கு மட்டுமா நன்மை? நம் இயற்பியலுக்கே நன்மை.

மதிப்பெண் கணக்கையும் அறிய வேண்டும். ‘ஜாம்’ தாளில் 3 மணி நேரம், 60 வினாக்கள், 100 மதிப்பெண்கள். நான்கு விடைகளில் ஒன்றைத் தெரிவு செய்யும் 30 வினாக்களுக்கு 50 மதிப்பெண். அவற்றில் தவறான விடைக்கு, அந்த வினாவின் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு கழியும். ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் சரியாக இருக்கக்கூடிய 10 வினாக்களுக்கு 20 மதிப்பெண். எண்ணை நாமே கணக்கிட்டு உள்ளிடும் 20 வினாக்களுக்கு 30 மதிப்பெண். இந்த 50 மதிப்பெண்ணுக்கும் அபராதம் கிடையாது. அதாவது தாளில் பாதி, பயமின்றி முயலக்கூடிய பகுதி!

அபராதம் உள்ள பகுதியிலும் கணக்கு நம் பக்கம் இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு மதிப்பெண் வினாக்கள் நான்கிற்கு விடை குறித்தால், சராசரியாக ஒன்று சரியாகி ஒரு மதிப்பெண் வரும். மூன்று தவறாகி ஒரு மதிப்பெண் போகும். மிச்சம் பூஜ்யம். ஆனால், ஒவ்வொன்றிலும் ஒரு விடை நிச்சயமாகத் தவறு என்று நீக்க முடிந்தால், மூன்று வினாக்களில் ஒன்று சரியாகி ஒரு மதிப்பெண் வரும். இரண்டு தவறாகி மூன்றில் இரண்டு பங்குதான் போகும். கொஞ்சம் தெரிந்தவனுக்குக் கொஞ்சம் லாபம். பயிற்சி நிலையங்களில் பணம் வாங்கிக்கொண்டு சொல்லித் தரும் ‘இரகசியங்கள்’ பலவும் இப்படிப்பட்ட பள்ளிக் கணக்குகள்தாம். பழைய வினாத்தாள்களோ, தேர்வு நடத்துவோரின் இணையதளத்திலேயே காசில்லாமல் கிடைக்கின்றன.

காலமறிதல்

‘ஜாம்’ விண்ணப்பம் அண்மை ஆண்டுகளில் செப்டம்பரில் தொடங்கி அக்டோபரில் முடிகிறது; தேர்வு பிப்ரவரியில். மத்தியப் பல்கலைக்கழகத் தேர்வுக்கு மார்கழி, தை மாதங்களில் விண்ணப்பம்; மார்ச்சில் தேர்வு. மூன்றாம் ஆண்டு மாணவர் இவற்றை எழுதலாம். பட்டம் கையில் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. பிப்ரவரியில் தேர்வு என்றால், நம் ஆறாம் பருவப் பாடங்களை வகுப்பில் முடிக்கும் முன்பே தேர்வு வந்துவிடும். அந்தப் பகுதிகளை நாமாக முன்கூட்டிப் படித்தாக வேண்டும். மூன்றாம் ஆண்டில் பார்த்துக்கொள்ளலாம் என்பவன், அரைப் பாடத்தோடு தேர்வுக்குப் போகிறான். ஆகவே ஆயத்தம் தொடங்க வேண்டியது இரண்டாம் ஆண்டின் கோடை விடுமுறையில். இதைப் படிக்கும் என் வகுப்பு நண்பர்களே, அந்தக் கோடை இதோ வருகிறது.

சான்றிதழுக்கும் காலம் வேண்டும். நம் பள்ளியில் வாங்கிய சாதிச் சான்றிதழ் மத்திய நிறுவனங்களுக்குப் போதாது. பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர் ஆகியோர் மத்திய அரசின் படிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழ் தனியாகப் பெற வேண்டும். அதுவும் அவர்கள் குறிப்பிடும் தேதிக்குப் பின் பெற்றதாக இருக்க வேண்டும். கடைசி வாரத்தில் இ-சேவை மையத்துக்கும் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் ஓடுகிறவன் பொதுப் பிரிவில் போட்டியிட நேரும். உரிமை இருந்தும் தாள் இல்லாமல் இழப்பது எவ்வளவு கொடுமை!

கட்டணத்தையும் முன்பே சேர்க்க வேண்டும். ‘ஜாம்’ ஒரு தாளுக்குச் சுமார் 2000 ரூபாய். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்க்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் அதில் பாதி. என் தாயாரின் பல நாள் நடவுக் கூலி அது. 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் எனக்கு வந்த மாதம் 1000 ரூபாயில், நூறு நூறாக ஒதுக்கி வைத்திருக்கிறேன். முன்பே தெரிந்ததால் ஒதுக்க முடிந்தது. அக்டோபரில் தெரிந்திருந்தால் கடன்தான் வாங்கியிருப்பேன்.

இடனறிதல்

வெள்ளையர் காலத்தில் ஐ.சி.எஸ். தேர்வு இலண்டனில் மட்டுமே நடந்தது. திறமை உள்ள இந்தியன் கப்பல் ஏறிப் போய் எழுத வேண்டும். 1863-இல் சத்தியேந்திரநாத் தாகூர் முதல் இந்தியராகத் தேறினார். இந்தியாவிலும் அந்தத் தேர்வை நடத்த வேண்டும் என்று பல்லாண்டு குரல் எழுப்பிய பிறகுதான், 1922-இல் அலகாபாத்தில் நடத்தினார்கள். தேர்வு எங்கே நடக்கிறது, எந்த மொழியில் நடக்கிறது என்பது சிறிய செய்தி அன்று. அதில்தான் யார் உள்ளே, யார் வெளியே என்பது பாதி முடிவாகிவிடுகிறது.

இன்று நமக்குக் கப்பல் வேண்டாம். ஆனால் மொழி இருக்கிறது. பிளஸ் டூ மாணவர் எழுதும் ‘நீட்’ தேர்வைத் தமிழில் எழுதலாம். ‘ஜாம்’ ஆங்கிலத்தில் மட்டுமே உண்டு. மத்தியப் பல்கலைக்கழகங்களின் மேற்படிப்புத் தேர்வில் அறிவியல் தாள்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் உண்டு. பதினேழு வயதில் தமிழில் சிந்திக்கலாம், இருபது வயதில் கூடாது என்பது என்ன நியாயம்? இதை நாம் கேட்க வேண்டும், மனு எழுத வேண்டும். மனுவுக்கு விடை வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கவும் கூடாது. ‘உந்தம்’ என்றும் ‘நிலைமம்’ என்றும் படித்து வந்த நான், ஒரு நோட்டில் இடப்பக்கம் தமிழ்ச் சொல், வலப்பக்கம் ஆங்கிலச் சொல் என்று நாளைக்குப் பத்து எழுதுகிறேன். நூறு நாளில் ஆயிரம். பாடம் புரிந்தது தமிழில்தான். அந்தப் புரிதலை இழக்காமல் அதற்கு இன்னொரு பெயரும் கற்றுக்கொள்கிறேன். அவ்வளவே.

இனி, பேராசிரியப் பெருமக்களிடம் ஒரு விண்ணப்பம். சிறியவன் பெரியவர்களுக்குச் சொல்வதாக எண்ண வேண்டாம். பட்டதாரிகள் நிறைந்த வீட்டில் இந்தச் செய்திகள் இரவுச் சாப்பாட்டின்போதே காதில் விழும். எங்கள் வீடுகளில் அப்படிச் சொல்ல ஆளில்லை. எனக்கு முன் எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவர் கிடையாது. ஆகவே எங்களுக்குக் கல்லூரிதான் அந்த வீடு.

பெரிய செலவு எதுவும் கேட்கவில்லை. நூலக வாசலில் ஒரு கரும்பலகை. அதில் மாதந்தோறும் வரும் நுழைவுத் தேர்வுகளின் பெயரும் தொடக்க நாளும் கடைசி நாளும். ஒவ்வொரு துறையிலும் பத்தாண்டு வினாத்தாள்களைக் கட்டி வைத்த ஒரு கோப்பு. சனிக்கிழமை ஒரு மணி நேரம், மூன்றாம் ஆண்டு மாணவர் இரண்டாம் ஆண்டு மாணவரோடு அமர்ந்து அந்தக் கணக்குகளைப் போட ஓர் அறை. கணிப்பொறித் தேர்வு பழக ஆய்வகத்தில் மாதம் ஒரு மாலை. 2022-இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் வேலைக்கான வழிகளை எங்களுக்குக் காட்டியது. மேற்படிப்புக்கான வழியையும் நம் கல்லூரி காட்ட வேண்டும். கரும்பலகையில் எழுதும் பொறுப்பை நானே ஏற்கிறேன். சுண்ணக்கட்டியை மட்டும் கொடுங்கள்.

நண்பர்களே! எழுதுகிறவர் எல்லாரும் தேறிவிடுவோம் என்று நான் சொல்லமாட்டேன். நானே தேறாமல் போகலாம். தேறாமல் போனாலும் எனக்கு வருத்தம் இராது. ஏனெனில், என் இயற்பியல் எவ்வளவு என்பது எனக்குத் தெரிந்திருக்கும். தேறாதவனுக்கு அடுத்த ஆண்டு உண்டு. நம் மாநிலக் கல்லூரிகள் உண்டு. தெரியாமலே போனவனுக்கு, ஒரு பொங்கல் நாளில் யாரோ கேட்கும் கேள்விதான் மிச்சம்.

சென்ற மாதம் தந்தையாரிடம் செப்டம்பர் விண்ணப்பத்தைப் பற்றிச் சொன்னேன். ஐ.ஐ.டி. என்றால் என்ன, எம்.எஸ்ஸி. என்றால் என்ன என்று அவர் கேட்கவில்லை. கேட்டது ஒரே கேள்விதான்.

“பதிவு எப்பன்னு தெரிஞ்சுகிட்டியா தம்பி?”

தெரிந்துகொண்டேன் அப்பா. இப்போது என் நண்பர்களுக்கும் சொல்லிவிட்டேன்.